ஆடு மேய்ந்தால் மண் கொழுக்காதா? பார்னக் புல்வெளி பற்றி ஒரு சந்தேகம்

புல்விதை:
இங்கிலாந்தின் பார்னக் ஹில்ஸ் அண்ட் ஹோல்ஸ் சுண்ணாம்புக்கல் புல்வெளியில், காட்டுப்பூக்களைக் காக்க இலையுதிர்காலத்தில் செம்மறிகளை மேய விடுகிறார்களாம். மண் மெலிந்து கிடந்தால்தான் பூ நிற்குமாம். நாம் வயலுக்குச் சத்தேற்றத்தானே இரவில் ஆட்டை அடைத்துக் கிடை போடுகிறோம்? இயந்திரத்தால் அறுத்தால் போதாதா?

மண்வெட்டி:
கிடை போட்ட வயலுக்குச் சத்து எங்கிருந்து வருகிறது? பகலில் ஆடு மேய்ந்த இடத்திலிருந்துதான். அந்த மேய்ச்சல் நிலத்தின் பக்கம் நின்று பாருங்கள், கணக்கு புரியும். தென் இங்கிலாந்தின் சுண்ணாம்பு மேடுகளிலும் இதே வழக்கம் இருந்தது: பகலில் மேட்டில் மேய்ச்சல், இரவில் தானிய வயலில் பட்டி. மேடு மெலிந்தது, வயல் கொழுத்தது.

இரவும் அங்கேயே அடைத்தால் தின்ற சத்தில் பெரும்பங்கு புழுக்கையாகவும் மூத்திரமாகவும் திரும்பிவிடும். ஆனாலும் புல் குட்டையாகும், குளம்பு பட்ட இடத்தில் மண் தெரியும், விதை முளைக்க இடம் கிடைக்கும். பாதி வேலை அதுதான். வெளித்தீவனம் மட்டும் கூடவே கூடாது.

பார்னக் இயற்கையான மேடல்ல, பழைய கல்குவாரி. பீட்டர்பரோ, ஈலி பேராலயங்களின் கல் அங்கே வெட்டியதுதான். 1500 வாக்கில் நல்ல கல் தீர்ந்தது. கழிவுக்கல் குவியல்மேல் புல் படர்ந்தது. மண் சில அங்குலம்தான். இருக்கிற மணிச்சத்தையும் (பாஸ்பரஸ்) சுண்ணாம்பு பிடித்து வைத்துக்கொள்ளும்.

செடிகொடி:
ஏன் இலையுதிர்காலம் என்றால், அங்கே காக்கிற காட்டுப்பூக்களில் ஒன்றான பாஸ்க் மலர் (pasqueflower) பூப்பது ஏப்ரல், மேயில். ஊதா இதழ், நடுவே மஞ்சள் மகரந்தம், தண்டெல்லாம் வெள்ளை ரோமம். பூ உதிர்ந்ததும் காம்பு நீண்டு, பஞ்சுவால் வைத்த விதைகள் நிற்கும். அவை உதிருமுன் ஆட்டை விட்டால் விதையெல்லாம் வயிற்றுக்குள் போகும்.

அறுக்கலாம். ஆகஸ்ட் கடைசியில் அறுத்து, மூன்று நான்கு நாள் அங்கேயே காயவிட்டு, புரட்டி விதையை உதிர்த்து, காய்ந்த புல் முழுவதையும் வாரி வெளியேற்ற வேண்டும். பலர் கோட்டைவிடுவது இந்த வாருவதில்தான். விட்டுவைத்தால் மட்கி உரமாகும், கீழே முளையும் மூச்சுமுட்டும். தொந்தரவு டோர் புல் (tor-grass) என்ற முரட்டுப் புல்தான்: முற்றிய இலையைச் செம்மறி தொடாது, அது மெத்தைபோல் பரவி பாஸ்க் மலரை மூடிவிடும். அங்கே மட்டும் அறுத்துவிட்டு, இளந்தளிர் வரும்போது மேயவிடலாம்.

மண்வெட்டி:
ஒன்று விட்டுப்போச்சு. நாய்க்கு வீட்டில் சோறு, புல்வெளியில் மலம்: அசல் கிடை அதுதான்! புல்வெளி வாசலை ஒட்டிய பாதையோரம் புல் கரும்பச்சையாக ஓங்கியிருந்தால் காரணம் பெரும்பாலும் இதுதான். நாயோடு போகிறவர்கள் பை கொண்டுபோங்கள்.