தியானத்தில் அமரும்போது எழும் கேள்விகளை என்ன செய்வது?

கேள்வி

வணக்கம். சில மாதங்களாகக் காலையில் கண்களை மூடி அமர்ந்து மூச்சைக் கவனிக்கும் பயிற்சியைச் செய்து வருகிறேன். மனம் மூச்சை விட்டு விலகுவது எல்லோருக்கும் நேர்வதுதான் என்பதை அறிவேன். ஆனால் என் மனம் கவலைகளைவிடக் கேள்விகளின் பக்கமே அதிகம் ஓடுகிறது. கால் மரத்துப்போனால், அது ஏன் மரத்துப்போகிறது, பிறகு ஊசி குத்துவது போன்ற உணர்வு எங்கிருந்து வருகிறது என்று உடனே அறிந்துகொள்ளத் தோன்றுகிறது. கைப்பேசியை எடுத்துத் தேடிப் பார்த்தால்தான் அந்தத் தவிப்பு அடங்குகிறது. அந்தத் தேடலும் ஒரு பக்கத்தோடு நிற்பதில்லை.

என்னுடன் பயிலும் ஒருவர், அறியும் ஆவலும் ஓர் ஆசைதான், அதை விட்டால்தான் மனம் அடங்கும் என்கிறார். நான் இதுவரை கற்றவை எல்லாம் அந்த ஆவலால் வந்தவை என்பதால், அதைக் கைவிட மனம் ஒப்பவில்லை. இன்னொன்றையும் கேட்க விரும்புகிறேன். ஒவ்வோர் இரவும் அன்றைய கவனம், பொறுமை, கற்றல் ஆகியவற்றுக்கு எனக்கு நானே மதிப்பெண் இட்டுக் குறித்து வைக்கிறேன். அண்மையில் அந்த மதிப்பெண்கள் குறைந்துகொண்டே வருகின்றன. பயிற்சி என்னை வளர்க்கிறதா, தேய்க்கிறதா என்று புரியவில்லை.

முதல் பதில்

உங்கள் நண்பர் கூறுவதில் பாதி உண்மை இருக்கிறது. ஆனால் அந்தப் பாதியை வைத்துக்கொண்டு ஆவல் முழுவதையும் துறக்க வேண்டியதில்லை. 2004 ஆம் ஆண்டில் ஸ்காட் பிஷப்பும் அவருடன் பணியாற்றிய உளவியலாளர்களும் விழிப்புநிலைக்கு, அதாவது ஆங்கிலத்தில் மைண்ட்ஃபுல்னெஸ் எனப்படுவதற்கு, ஒரு வரையறையை முன்வைத்தனர். அதில் இரண்டு கூறுகள் உள்ளன. கவனத்தை இந்தக் கணத்து அனுபவத்தில் நிறுத்துவதும், விலகினால் திருப்பிக் கொண்டுவருவதும் முதற்கூறு. அந்த அனுபவத்தை அறியும் ஆவலோடும் திறந்த மனத்தோடும் ஏற்போடும் அணுகுவது இரண்டாவது கூறு. இந்த வழியில் உருவாகி 2006 இல் வெளியான டொராண்டோ அளவுகோல், விழிப்புநிலையை அளப்பதற்கு எடுத்துக்கொண்ட இரண்டு காரணிகளுள் ஒன்றே ஆவல்தான். ஆகவே அறியும் ஆவலைத் துறந்தால்தான் விழிப்புநிலை கைகூடும் என்பதை என்னால் ஏற்க இயலவில்லை.

ஆனால் ஆவல் என்று நாம் சொல்வது ஒரே வகையானதன்று. ஜார்ஜ் லோவென்ஸ்டீன் 1994 இல் எழுதிய கட்டுரையில், நமக்குத் தெரிந்ததற்கும் தெரிந்துகொள்ள விரும்புவதற்கும் இடையில் ஓர் இடைவெளி கண்ணில் பட்டவுடன் எழும் குறையுணர்வாகவே ஆவலை விளக்கினார். நீங்கள் கைப்பேசியைத் தேடுவது இந்தக் குறையுணர்வைத் தணித்துக்கொள்வதற்காகத்தான். உங்கள் நண்பர் ஆசை என்று சொல்வதும் இதைத்தான் இருக்க வேண்டும். பயிற்சியில் வளர்க்கப்படும் ஆவல் விடையை நோக்கி ஓடாமல், நிகழ்ந்துகொண்டிருப்பதன் பக்கம் திரும்புகிறது. கால் மரத்தால், அந்த உணர்வு எந்த இடத்தில் தொடங்கி எங்கே முடிகிறது, அதன் விளிம்பு கூர்மையாக இருக்கிறதா மங்கலாக இருக்கிறதா, ஒரே அளவில் நிற்கிறதா ஏறி இறங்குகிறதா என்று பாருங்கள். இவையும் கேள்விகள்தாம்; ஆனால் இவற்றுக்கான விடை வேறெங்கும் இல்லை, உங்கள் காலிலேயே இருக்கிறது. ஜட்சன் புரூவரும் அவருடைய குழுவினரும் புகைப்பழக்கம் உடையவர்களிடம் நடத்தி 2011 இல் வெளியிட்ட ஆய்வில் பயன்பட்ட பயிற்சியும் இத்தகையதே. புகைக்கும் வேட்கை எழும்போது அதை எதிர்த்துப் போராடாமல், உடலில் அது எப்படித் தோன்றி எப்படி மாறுகிறது என்பதைக் கவனிக்கப் பழகியவர்களிடம், புகைப்பதை நிறுத்த வழக்கமாகத் தரப்படும் பயிற்சியைப் பெற்றவர்களைவிடப் புகைப்பது அதிகமாகக் குறைந்தது.

கேள்வியை எழுப்பிவிட்டீர்கள், விடை தெரியாமல் படிப்போரும் தவிப்பார்கள் என்பதால் சொல்லிவிடுகிறேன். ஒரே நிலையில் நெடுநேரம் அமர்வதால் நரம்பும் அதற்குச் செல்லும் இரத்த ஓட்டமும் அழுத்தப்பட்டு, நரம்பின் சமிக்ஞைகள் மூளைக்குச் சரிவரப் போவதில்லை. அழுத்தம் நீங்கியதும் நரம்பு ஒழுங்கற்றுத் துடித்து மீள்வதையே ஊசி குத்துவதாக உணர்கிறோம்.

இரண்டாம் பதில்

மேலே உள்ள விளக்கத்தோடு உடன்படுகிறேன். எனினும் விடை தேடும் ஆவலையும் இவ்வளவு விரைவில் ஒதுக்க வேண்டாம் என்பேன். அதில் குறை என்று ஏதேனும் இருந்தால், அது தேடுவதில் இல்லை, காத்திருக்க மறுப்பதில்தான் இருக்கிறது. மத்தியாஸ் குரூபரும் அவருடைய குழுவினரும் 2014 இல் வெளியிட்ட ஆய்வு இதற்குப் பொருத்தமானது. பொது அறிவுக் கேள்வி ஒன்றைக் காட்டி, விடை வருவதற்குச் சில விநாடிகள் காக்க வைத்து, அந்த இடைவேளையில் தொடர்பே இல்லாத ஒருவரின் முகப் படத்தைக் காட்டினார்கள். பின்னர் சோதித்தபோது, அதிக ஆவலைத் தூண்டிய கேள்விகளின் விடைகள் நன்றாக நினைவில் நின்றன, அதில் வியப்பில்லை. ஆனால் அந்தக் காத்திருப்பின்போது காட்டப்பட்ட முகங்களும் கூடுதலாக நினைவில் நின்றன. விடை வருமுன் உள்ள அந்த நேரத்தில் மனம் சுற்றியுள்ளவற்றையும் நன்றாக உள்வாங்குகிறது என்றே இதை நான் புரிந்துகொள்கிறேன். கேள்வி தோன்றிய மறுநொடியே கைப்பேசியைத் திறப்பவர் விடையைப் பெற்றுவிடுகிறார், ஆனால் அந்த நேரத்தை இழந்துவிடுகிறார்.

நான் கடைப்பிடிப்பது எளிய வழி. அமரும் இடத்தில் ஒரு தாளும் பென்சிலும் இருக்கும்; கேள்வி விடாப்பிடியாக நின்றால் ஒரு சொல்லில் குறித்துவிட்டு மூச்சுக்குத் திரும்பிவிடுவேன். பின்னர் தேடுவதற்கு முன், விடை என்னவாக இருக்கும் என்று என் ஊகத்தைக் கட்டாயம் எழுதுவேன். ஒன்றுமே தெரியாத பொருளிலும் முழுவதும் தெரிந்த பொருளிலும் ஆவல் குறைவாகவும், ஓரளவு தெரிந்தும் உறுதியில்லாத இடத்தில் அதிகமாகவும் இருப்பதை 2009 இல் மின் ஜியோங் காங் முதலியோர் வெளியிட்ட ஆய்வு காட்டுகிறது. ஊகத்தை எழுதினால், அந்தப் பொருளில் எனக்கு என்ன தெரியும், எந்த இடத்தில் தடுமாறுகிறேன் என்பது கண்முன் வந்துவிடுகிறது. தேடும்போதும் எதைத் தேடுகிறேன் என்பது தாளில் இருப்பதால், ஒரு பக்கம் பத்துப் பக்கங்களாகப் பெருகுவது பெரும்பாலும் நின்றுவிடுகிறது.

மூன்றாம் பதில்

ஆவலைப் பற்றி இருவரும் நிறையச் சொல்லிவிட்டார்கள். எனக்கு உறுத்துவது அந்த மதிப்பெண் பட்டியல்.

லியோனிட் ரோசன்பிளிட், ஃபிராங்க் கீல் ஆகியோர் 2002 இல் வெளியிட்ட ஆய்வில், ஜிப் போன்ற அன்றாடப் பொருள்கள் எவ்வாறு இயங்குகின்றன என்பது தமக்கு எவ்வளவு புரியும் என்று மக்களை மதிப்பிடச் சொன்னார்கள். பிறகு அதன் இயக்கத்தைப் படிப்படியாக விளக்கி எழுதச் சொல்லி, மறுபடியும் மதிப்பிடக் கேட்டார்கள். இரண்டாம் முறை மதிப்பீடு குறைந்தது. அவர்களுடைய அறிவு அதற்குள் குறைந்துவிடவில்லை. முன்பு தெரிந்ததாக நினைத்தது எவ்வளவு மேலோட்டமானது என்பது இப்போது தெரிந்துவிட்டது. உங்கள் பட்டியலிலும் இதுவே நடந்துகொண்டிருக்கலாம். கவனம் விலகுவதையே கவனிக்காத ஒருவர் தமக்கு எட்டு மதிப்பெண் இட்டுக்கொள்வார். ஒவ்வொரு விலகலையும் பார்க்கத் தொடங்கியவர் நான்கு இடுவார். இந்த இருவரில் யார் முன்னேறியவர் என்பதை அந்த எண் சொல்லாது. இரண்டு மாதங்களுக்கு மதிப்பெண்ணை நிறுத்திவிட்டு, அன்று புதிதாகக் கண்ணில் பட்ட ஒன்றை மட்டும் ஒரு வரியில் எழுதிப் பாருங்கள்.

மனம் விலகுவதையே தோல்வியாகக் கருதுவதையும் விடலாம். விலகல் தீயது என்பதற்குச் சான்றாகக் கில்லிங்ஸ்வொர்த், கில்பர்ட் ஆகியோரின் 2010 ஆம் ஆண்டு ஆய்வைப் பலரும் காட்டுவார்கள். அதில் 2,250 பேரிடம் அவ்வப்போது கேட்டபோது, 46.9 விழுக்காட்டு நேரங்களில் மனம் செய்யும் வேலையில் இல்லை என்பதும், அப்போது மகிழ்ச்சி குறைவாக இருந்தது என்பதும் தெரியவந்தன. ஆனால் அங்குக் கேட்கப்பட்டது அந்த நேரத்து மகிழ்ச்சியைத்தான். திட்டமிடுவதும் கற்பனை செய்வதும் அதே விலகலுக்குள் அடங்கும் என்பதால், அவற்றின் பிற்காலப் பயனை அந்த எண்ணை வைத்து எடைபோட முடியாது.

ஒரே ஓர் எச்சரிக்கை. அமரும்போது எழுபவை கேள்விகளாக இல்லாமல், பழைய துயரங்களாகவோ தாங்க முடியாத பதற்றமாகவோ இருந்தால், அதை உற்றுக் கவனித்தே தீர வேண்டும் என்று பிடிவாதம் பிடிக்காமல் நிறுத்திவிட்டு உளவியல் வல்லுநர் ஒருவரைக் கலந்துகொள்ளுங்கள். உங்கள் நிலை அதுவாகத் தெரியவில்லை. இதைப் படிக்கும் வேறு எவருக்கேனும் பயன்படலாம் என்று எழுதுகிறேன்.

கேட்டவர்

மூவருக்கும் நன்றி. தாளும் பென்சிலும் வைத்துப் பார்த்தேன். அமர்ந்திருக்கும்போது உயிர்போகும் அவசரமாகத் தோன்றிய கேள்விகளில் பெரும்பாலானவை, மாலையில் படித்தபோது எந்த ஈர்ப்பும் இல்லாமல் கிடந்தன. ஆனால் இரண்டொரு கேள்விகள் மட்டும் போகவில்லை. அவற்றை இப்போது நிதானமாகப் படித்து வருகிறேன். ஓர் ஐயம்: எழுதுவதற்காகக் கண்களைத் திறந்தால் பயிற்சி கலைந்துவிடுகிறதே, அது பரவாயில்லையா?

இரண்டாம் பதிலை எழுதியவர்

பரவாயில்லை. தாளை எடுக்கக் கை நீளும் வேகத்தையும் எழுதி முடித்தபின் வரும் தளர்வையும் சேர்த்துக் கவனித்தால், அதுவும் பயிற்சிக்குள்தான் அடங்கும். ஆனால் ஒரே அமர்வில் மீண்டும் மீண்டும் எழுத நேர்ந்தால், முடியும்வரை தாளைத் தொடாமல் இருந்து, அப்போதும் நினைவில் நிற்பவற்றை மட்டும் எழுதுங்கள்.