ஏடி169 தொற்றிய செல்கள் ஃபாஸ் ஆன்டிபாடிக்கு ஏன் சாகின்றன?

கயல்_செல்பயோ:
மனிதத் தோல் ஃபைப்ரோபிளாஸ்ட் (இணைப்புத்திசு செல்), சைட்டோமெகலோவைரஸ் (சிஎம்வி; ஏடி169, மெர்லின் இரண்டும் அதன் வகைகள்), எம்ஓஐ 3 (செல்லுக்கு மூன்று வைரஸ் என்ற விகிதம்). ஃபாஸ் ஆன்டிபாடியோடு (செல்லின் மேலுள்ள ஃபாஸ் என்ற சாவு ஏற்பியைத் தூண்டுவது) சைக்ளோஹெக்ஸிமைடு (புரத உற்பத்தியை நிறுத்தும் மருந்து) 10 மைக்ரோகிராம்/மிலி கொடுத்தால் மெர்லின் தொற்றிய செல்கள் ஒட்டியபடியே இருக்கின்றன. ஏடி169 தொற்றியவற்றில் பாதி உருண்டு, குமிழ்விட்டுக் கழன்றுவிடுகின்றன. வைரஸ் ஸ்டாக் கெட்டதா?

மாறன்:
ஸ்டாக் கெட்டிருக்காது. முதலில் வைரஸின் யுஎல்36 ஜீனை சீக்வென்ஸ் செய்து 131ஆவது அமினோ அமிலத்தைப் பாருங்கள். அங்கே சிஸ்டீன் இருக்க வேண்டும். லேப்களில் பரவலாகச் சுற்றும் ஒரு ஏடி169 பிரதியில் அது ஆர்ஜினீன். யுஎல்36 புரதம், செல் சாவைத் தொடங்கிவைக்கும் காஸ்பேஸ்-8 நொதியின் முன்பகுதியைப் பிடித்துக்கொண்டு அதை விழிக்கவிடாது. அந்த ஓர் எழுத்து மாறினால் பிடி போய்விடும். 1950களிலிருந்து தட்டிலேயே வளர்ந்த வைரஸ் இது. தொற்றிய செல்லைக் கொல்லும் டி-செல்லும் அங்கே இல்லை, என்கே செல்லும் இல்லை. இந்த ஜீன் பழுதானாலும் வளர்ச்சி குறையவில்லை.

மீதிப் பாதி பிழைப்பதற்கு யுஎல்37 எக்ஸான்-1 புரதம் காரணமாக இருக்கலாம். அது மைட்டோகாண்ட்ரியாவில் பாக்ஸ் என்ற சாவுப் புரதத்தைச் செயலிழக்க வைக்கும். ஆனால் காஸ்பேஸ்-8 நேராகக் காஸ்பேஸ்-3ஐ (செல்லைக் கொல்லும் அடுத்த நொதி) வெட்டித் தூண்டினால் அதனால் தடுக்க முடியாது.

தேன்மொழி:
சைக்ளோஹெக்ஸிமைடு எப்போது போட்டீர்கள்? காஸ்பேஸ்-8ஐத் தடுக்கும் செல்லின் சொந்தக் காவலான சி-ஃபிளிப் சீக்கிரம் சிதையும் புரதம் என்பதால்தான் அதைச் சேர்க்கிறோம். தொற்றோடு சேர்த்தே போட்டால் யுஎல்36உம் உருவாகாது, மெர்லினும் சாகும். 24 மணி நேரம் விட்டுப் போடுங்கள். தொற்றாத செல்லுக்குச் சைக்ளோஹெக்ஸிமைடு மட்டும் கொடுத்த கிணறு (தட்டின் குழி) ஒன்று கட்டாயம் வேண்டும்.

கயல்_செல்பயோ:
24 மணி நேரம் கழித்துத்தான் போட்டேன். இதையே என்கே செல் வைத்துச் செய்தால் போதுமா?

மாறன்:
அதில் குழப்பம்தான் மிஞ்சும். ஏடி169இல் சுமார் 15 கிலோபேஸ் டிஎன்ஏ துண்டே இல்லை. யுஎல்141 ஜீன் அதோடு போயிற்று. சிடி155 (என்கே செல்லைத் தூண்டும் புரதம்), டிரெயில் ஏற்பிகள் (சாவு ஏற்பிகள்) இரண்டையும் செல்லின் மேற்பரப்புக்கு வரவிடாமல் உள்ளே தடுத்து வைப்பது அதுதான். என்கே செல் கொன்றால் பழி யுஎல்36க்கா, யுஎல்141க்கா என்று பிரிக்க முடியாது. மெர்லினிலேயே யுஎல்36 மட்டும் நீக்கிய வைரஸோடு ஒப்பிடுங்கள்.

தேன்மொழி:
இசட்-வேட் (காஸ்பேஸ் தடுப்பான்) 20 மைக்ரோமோலார் கிணறும் வையுங்கள்; சாவு நின்றால் காஸ்பேஸ் வழி உறுதி. எல்929 போன்ற எலி செல்லில் இதே கணக்குப் போடாதீர்கள். காஸ்பேஸ்-8ஐ அடைத்தால் அங்கே ஆர்ஐபிகே3 என்ற நொதி எழுந்து நெக்ரோப்டோசிஸ் (காஸ்பேஸ் தேவைப்படாத வேறு வகைச் சாவு) தொடங்கிவிடும். எலி சிஎம்வி அதைத் தடுக்கவென்றே எம்45 என்ற புரதத்தை வைத்திருக்கிறது: எம்45இன் ரிம் பகுதியை (ஆர்ஐபிகே3ஓடு ஒட்டும் இடம்) கெடுத்த வைரஸ் சாதாரண எலியில் தழைப்பதில்லை, ஆர்ஐபிகே3 இல்லாத எலியில் மறுபடி தழைக்கிறது.