டில்லோ பிரவுசர்: பழைய கணினியில் ஓட்டுபவர்கள் கண்டதைப் பகிரும் இழை

எளியகணினி

1 ஜிபி ரேம் உள்ள லினக்ஸ் கணினியில் பெரிய பிரவுசர்கள் நாலு டேப் திறந்ததுமே ஸ்வாப்பில் (ரேம் போதாதபோது வட்டில் எடுக்கும் இடம்) போய் உட்கார்ந்துவிடுகின்றன. அந்த இடத்தில் டில்லோ இன்றைக்கும் சளைக்காமல் ஓடுகிறது. 1999 டிசம்பரில் முதல் பதிப்பு வந்த பிரவுசர் இது. ஜாவாஸ்கிரிப்ட் அறவே கிடையாது. அதன் வேகத்துக்கும், சில தளங்களில் அது முடங்கிப்போவதற்கும் முக்கியக் காரணம் அதுதான்.

நிறுவியதும் முதல் வேலை, பதிப்பு எண்ணைப் பார்ப்பது. 3.0.5 என்று இருந்தால் அது 2015இல் வந்தது. டெபியன் 12 லினக்ஸின் மென்பொருள் களஞ்சியத்தில் கிடைப்பதும் அதுதான். அதில் எச்டிடிபிஎஸ் ஒரு தனிச் செருகுநிரலாக, அரைகுறை நிலையில் இருந்தது. பிறகு பல ஆண்டுகள் வெளியீடே இல்லை. 2024 மே மாதம் வந்த 3.1.0இல்தான் எச்டிடிபிஎஸ் பிரவுசரின் உள்ளேயே வந்தது. இன்றைய வலைக்கு 3.1க்குக் கீழே எதையும் பரிந்துரைக்க மாட்டேன்.

களஞ்சியத்தில் புதியது இல்லையென்றால் மூலநிரலிலிருந்து கட்டுங்கள். எஃப்எல்டிகே 1.3 (டில்லோவின் சாளரத்தையும் எழுத்தையும் வரையும் நூலகம்), ஓப்பன்எஸ்எஸ்எல், இசட்லிப், பிஎன்ஜி, ஜேபெக் ஆகியவற்றின் டெவ் பொதிகள் வேண்டும். வெளியீட்டுக் கோப்பை விரித்து, கன்ஃபிகர், மேக், மேக் இன்ஸ்டால் என்ற வழக்கமான மூன்று படிகள். வெளியீட்டுக் கோப்புக்குப் பதில் கிட் (Git) களஞ்சியத்திலிருந்து எடுத்தால் கன்ஃபிகருக்கு முன் ஆட்டோஜென் ஓட்ட வேண்டும். கன்ஃபிகர் முடிந்ததும் திரையில் ஒரு சுருக்கம் வரும். அதில் டிஎல்எஸ் (எச்டிடிபிஎஸ்ஸுக்கு வேண்டிய மறையாக்கம்) வரிக்கு எதிரே யெஸ் இருக்கிறதா என்று பார்த்த பிறகே மேக் கொடுங்கள்.

நடுத்தெரு

மேலே சொன்னதோடு ஒன்று. பழைய டில்லோவை நீக்கிவிட்டுப் புதியதைப் போட்ட பிறகும் குக்கியும் புக்மார்க்கும் வேலை செய்யவில்லை என்று பலர் திணறுகிறார்கள். டில்லோ அவற்றை டிபிஐடி என்ற பின்னணி நிரலிடம் ஒப்படைக்கிறது. சாளரத்தை மூடினாலும் அது ஓடிக்கொண்டே இருக்கும். பழைய பதிப்பின் டிபிஐடியே புதிய டில்லோவுக்கும் பதில் சொல்லிக்கொண்டிருக்கும். டெர்மினலில் டிபிஐடிசி ஸ்டாப் என்ற கட்டளையைக் கொடுத்துவிட்டு டில்லோவைத் திறந்தால் சரியாகிவிடும்.

குக்கியை மாற்றும்போதும் இதே கதைதான். டில்லோ இயல்பாக எந்தக் குக்கியையும் ஏற்காது. வீட்டுக் கோப்புறையில் புள்ளியில் தொடங்கும் டில்லோ என்ற மறைகோப்புறை இருக்கும். அதிலுள்ள குக்கீஸ்ஆர்சி கோப்பில் டீஃபால்ட் டினை என்ற வரி இருக்கும். அதைத் தொடாதீர்கள். அதன் கீழே, உள்நுழைய வேண்டிய தளத்தின் பெயரை எழுதி, இடைவெளி விட்டு, ஆக்செப்ட் அண்டர்ஸ்கோர் செஷன் என்று சேர்த்தால் போதும். டில்லோவை மூடினால் அந்தக் குக்கிகளும் போய்விடும். நாள்கணக்கில் தங்க வேண்டுமென்றால் வெறும் ஆக்செப்ட். தளப் பெயருக்கு முன் ஒரு புள்ளி வைத்தால் துணைத் தளங்களும் அடங்கும். திருத்தியபின் டிபிஐடிசி ஸ்டாப் கொடுக்க மறந்துவிட்டு, எழுதியது தப்போ என்று கோப்பையே திரும்பத் திரும்ப மாற்றுவதுதான் அடிக்கடி நடக்கும் பிழை.

எளியகணினி

அமைப்புக் கோப்பைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். டில்லோஆர்சி உங்கள் மறைகோப்புறையில் தானாக வராது. கணினியின் ஈடிசி கோப்புறையில் உள்ள மாதிரியை நீங்களே நகலெடுக்க வேண்டும். மூலநிரலிலிருந்து கட்டியிருந்தால் மாதிரி யுஎஸ்ஆர் லோக்கலின் கீழுள்ள ஈடிசியில் இருக்கும். பெரும்பாலான வரிகள் ஹேஷ் குறியோடு அணைந்திருக்கும். வேண்டியதில் மட்டும் குறியை எடுங்கள்.

எழுத்து சிறிதாக இருந்தால் ஃபான்ட் ஃபேக்டரை 1.0இலிருந்து 1.2 அல்லது 1.3 ஆக்கலாம். அது எல்லாவற்றையும் பெருக்கும். அடிக்குறிப்புகள் மட்டும் பொடியாகத் தெரிந்தால் ஃபான்ட் மின் சைஸை உயர்த்துங்கள். லோட் இமேஜஸை நோ ஆக்கினால் மெதுவான இணைப்பில் நல்ல வித்தியாசம் தெரியும். படம் வேண்டிய பக்கத்தில் மட்டும் டூல்ஸ் மெனுவில் இயக்கிக்கொள்ளலாம். மெனுவில் செய்யும் மாற்றம் மூடும்வரை மட்டுமே. நிலையாக வேண்டுமென்றால் கோப்பில்தான் எழுத வேண்டும். ஒரு பக்கம் ஒன்றன்மேல் ஒன்றாகக் குவிந்து வந்தால் அதே மெனுவில் ரிமோட் சிஎஸ்எஸ்ஸை (தளம் அனுப்பும் அலங்கார விதிகள்) அணைத்துவிட்டு மீளேற்றுங்கள். அலங்காரம் போனாலும் உரை ஒழுங்காக வந்துவிடும்.

தேடல் வரியில் முன்னொட்டு வைக்கலாம் என்பதைப் பலர் கவனிப்பதில்லை. சர்ச் யுஆர்எல் என்ற வரியை எத்தனை முறை வேண்டுமானாலும் எழுதலாம்: முதலில் முன்னொட்டு, பிறகு பெயர், பிறகு தேடல் முகவரி. சொல் வரவேண்டிய இடத்தில் சதவீதக் குறியும் சிறிய எஸ் எழுத்தும். தமிழ் விக்கிப்பீடியாவுக்கு இரண்டெழுத்து முன்னொட்டு ஒன்று வைத்துவிட்டால், முகவரிப் பட்டையில் முன்னொட்டும் சொல்லும் அடித்ததும் நேரே தேடல் முடிவு வந்து நிற்கும்.

வாசகசாலை

விக்கிப்பீடியா என்றதும் முக்கியமான ஒன்றைச் சொல்ல வேண்டியிருக்கிறது. டில்லோவில் தமிழ் உடைந்து தெரியும். ‘கெ’ என்பதில் கொம்பு எழுத்துக்குப் பின்னால் வந்து நிற்கும். ‘கு’, ‘பூ’ போன்றவை ஒன்றுசேராமல் எழுத்து தனி, குறி தனியாகக் கிடக்கும். உடனே எல்லோரும் செய்வது, நோட்டோ, லோகித் என்று எழுத்துருக்களை ஒவ்வொன்றாக நிறுவிப் பார்ப்பது. பயனில்லை. எழுத்துருவில் குறை இல்லை. எஃப்எல்டிகே 1.3 லினக்ஸில் எக்ஸ்எஃப்டி என்ற எழுத்து வரையும் நூலகம் வழியாக எழுத்துகளை யூனிகோட் வரிசைப்படியே ஒவ்வொன்றாக வரைகிறது. கொம்பை முன்னால் நகர்த்துவதும் உகரத்தை எழுத்தோடு இணைப்பதும் ஹார்ஃப்பஸ், பேங்கோ போன்ற வடிவமைப்பு நூலகங்களின் வேலை. அவை இங்கே குறுக்கே வருவதே இல்லை. ஆங்கிலத்தில் இது தெரியாது. நம் எழுத்தில்தான் பளிச்சென்று தெரிகிறது, படிக்கவே மனம் வராத அளவுக்கு.

2024 நவம்பரில் வந்த எஃப்எல்டிகே 1.4ஐ பேங்கோவோடு சேர்த்துக் கட்ட வழி இருக்கிறது. டில்லோ அந்த 1.4ஐச் சோதனை அளவில்தான் ஏற்கிறது. சோதனை என்ற சொல்லை அப்படியே எடுத்துக்கொள்ளுங்கள்.

தமிழ் படிக்க இப்போதைக்கு என் பரிந்துரை நெட்சர்ஃப் என்ற இன்னொரு எளிய பிரவுசர், அதிலும் ஜிடிகே பதிப்பு. அது பேங்கோ வழியாக எழுதுவதால் கொம்பும் காலும் அதனதன் இடத்தில் வரும். பெயர் ஒன்றுதானே என்று ஃப்ரேம்பஃபர் பதிப்பை நிறுவிவிடாதீர்கள். அதில் டில்லோவின் அதே சிக்கல் உண்டு. பதிப்பு 3.11 அல்லது அதற்கு மேல் எடுங்கள், ஃப்ளெக்ஸ்பாக்ஸ் அதில்தான் வந்தது. இன்றைய செய்தித் தளங்கள் பலவும் அதை வைத்தே பக்கத்தை அடுக்குகின்றன.

அதன் அமைப்புகள் சாய்ஸஸ் என்ற கோப்பில் இருக்கும்: பெயர், முக்காற்புள்ளி, மதிப்பு. எழுத்தளவு புள்ளியின் பத்தில் ஒரு பங்கில் எழுதப்படும். இயல்பான 128 என்பது 12.8 புள்ளி. தமிழுக்கு 150 வைத்தால் கண்ணுக்கு இதம். குறைந்தபட்ச அளவு 85 என்று இருக்கும், அதை 110 ஆக்குங்கள். நினைவகக் கேஷ் (பார்த்த பக்கங்களை ரேமில் வைத்திருக்கும் இடம்) பைட்டில்: 12582912 என்றால் 12 எம்பி. நெட்சர்ஃப்பை மூடிவிட்டுத் திருத்துங்கள். திறந்திருக்கும்போது திருத்தினால், விருப்பத்தேர்வுச் சாளரம் சேமிக்கும்போது உங்கள் வரிகளின் மேலேயே எழுதிவிடும்.

நடுத்தெரு

கேஷ் பேச்சு வந்ததால்: டில்லோ வட்டில் கேஷ் வைப்பதில்லை, எல்லாம் ரேமில்தான். படம் நிறைந்த பக்கங்களாகப் பார்த்துக்கொண்டே போனால் அதுவும் வீங்கும். டேப்பை மூடிப் பார்த்துக்கொண்டிருக்காமல் பிரவுசரையே ஒருமுறை மூடித் திறப்பதுதான் கைகண்ட வழி.

வங்கி, ரயில் முன்பதிவு, காணொளி இவற்றுக்கு டில்லோவோடு மல்லுக்கட்ட வேண்டாம். 3.2இல் டில்லோஆர்சிக்கு லிங்க் ஆக்‌ஷன் என்ற வரி வந்திருக்கிறது. மெனுவில் தெரிய வேண்டிய பெயர், முக்காற்புள்ளி, இயக்க வேண்டிய நிரல், கடைசியில் டாலர் குறியோடு யுஆர்எல். காணொளி இயக்கியான எம்பிவிக்கு ஒன்று, பெரிய பிரவுசருக்கு ஒன்று என இரண்டு வரி எழுதிவிட்டால், இணைப்பின்மேல் வலச்சொடுக்கு செய்ததும் இரண்டும் மெனுவில் நிற்கும்.

எந்தத் தளம் எந்தத் தளத்திலிருந்து கோப்பு எடுக்கலாம் என்று சொல்லும் டொமைன்ஆர்சி கோப்பில் டீஃபால்ட் டினை போட்டு வேற்றுத் தளக் கோரிக்கைகளை மறிப்பவர்கள் விக்கிப்பீடியா படங்கள் வரவில்லை என்று குழம்ப வேண்டாம். படங்கள் விக்கிமீடியாவின் தனி முகவரியிலிருந்து வருகின்றன. இடப்பக்கம் விக்கிப்பீடியா, வலப்பக்கம் அந்தப் பட முகவரி என விதிவிலக்கு வரி ஒன்று சேர்த்துவிட்டு, டில்லோவை மூடித் திறந்து பாருங்கள்.