சிறிய கூடத்துக்குப் பெரிய கண்ணாடி: குறைந்த செலவில் எப்படி வாங்குவது?

கேள்வி: திருகோணமலை, பாலையூற்றிலிருந்து

வணக்கம். நாங்கள் வாடகைக்கு இருக்கும் வீட்டின் கூடம் 9 அடி அகலமும் 13 அடி நீளமும் கொண்டது. சோபா, தையல் இயந்திரம், பிள்ளைகளின் படிப்பு மேசை ஆகியவை அதற்குள் வந்துவிட்டதால், வீட்டுக்கு வருகிறவர்கள் பக்கவாட்டாகத் திரும்பித்தான் உள்ளே நடக்க வேண்டியிருக்கிறது. நீளச் சுவரில் ஒரு பெரிய கண்ணாடியைப் பொருத்தினால் இடம் விரிந்தாற்போல் தெரியும் என்கிறார்கள். ஆனால் நகரத்தில் சட்டத்தோடு விற்கும் கண்ணாடிகளின் விலை எங்கள் கைக்கு எட்டவில்லை; எட்டுகிற விலையில் இருந்தவற்றில் முகம் நெளிந்து தெரிந்தது. எங்கள் அலுமாரிக் கண்ணாடியின் ஓரமும் கறுத்துக்கொண்டே போகிறது, ஆகவே மலிவானதை வாங்கினால் அதற்கும் இதே கதி நேருமோ என்ற பயமும் உண்டு. சுவரில் சில துளைகள் இடுவதற்கு வீட்டுக்காரர் சம்மதித்திருக்கிறார். சுமார் 6 அடி அகலம், 5 அடி உயரம் கொண்ட கண்ணாடியைச் சிக்கனமாகப் பெற என்ன வழி?

பதில்: உப்புவெளியிலிருந்து

உப்புவெளி, நிலாவெளிப் பக்கத்து விடுதிகளில் திருத்த வேலை நடக்கும் காலத்தில் குளியலறைக் கண்ணாடிகளையும் அறைக் கண்ணாடிகளையும் கழற்றி விற்பதுண்டு. மூடப்படும் சலூன்களிலும் பெரிய கண்ணாடிகள் கிடைக்கும். வெளிச்சத்தில் நிறுத்தி நான்கு ஓரங்களையும் பார்த்துவிட்டே விலை பேசுங்கள். கறுப்பு ஓரத்தில் மட்டும் இருந்தால் அந்தப் பகுதியை வெட்டி நீக்கலாம், நடுவிலும் புள்ளிகள் தெரிந்தால் இனாமாகத் தந்தாலும் வேண்டாம்.

பதில்: கண்ணாடி, அலுமினிய வேலை செய்பவர்

சகோதரி, சட்டம் போட்டு விற்கும் கண்ணாடியை விட்டுவிட்டு, யன்னல்களுக்குக் கண்ணாடி வெட்டிக் கொடுக்கும் கடைக்குப் போங்கள். அங்கே சதுர அடிக் கணக்கில் வெறும் கண்ணாடியை வாங்கலாம். வெட்டுக்கூலி, ஓரம் தேய்க்கும் கூலி, பொருத்தும் கூலி ஆகியவற்றைத் தனித்தனியாகச் சொல்லும்படி கேட்டால்தான் இரண்டு கடைகளின் விலையை ஒப்பிட முடியும்.

முகம் நெளிவதற்குப் பெரும்பாலும் தடிப்புக் குறைவே காரணம். 2, 3 மில்லிமீற்றர் கண்ணாடி பெரிய அளவில் வெட்டப்படும்போது சட்டத்தின் கோணலுக்கும் சுவரின் மேடுபள்ளத்துக்கும் ஏற்ப வளைந்துவிடும். அக்ரிலிக் கண்ணாடி பாரம் குறைந்ததுதான், எனினும் அது இன்னும் எளிதாக வளையும், கீறலும் விழும். உங்களுக்கு 4 மில்லிமீற்றர் போதும். வாங்குமுன் கடையின் யன்னல் கம்பி ஒன்று அதில் தெரியும்படி நின்று, தலையை மெதுவாக இருபுறமும் அசைத்துப் பாருங்கள். கம்பி நேராகவே நின்றால் கண்ணாடி நல்லது.

6 அடிக்கு 5 அடியை ஒரே துண்டாக எடுத்தால் அதன் பாரம் ஏறத்தாழ 28 கிலோ. ஏற்றி இறக்குவதும் ஆபத்து, உடைந்தால் முழுப் பணமும் போய்விடும். 2 அடிக்கு 5 அடியாக மூன்று துண்டுகள் என்றால் ஒவ்வொன்றும் 9 கிலோவுக்குச் சற்று மேல்தான் வரும். கடையில் மிஞ்சிய வெட்டுத் துண்டுகள் இந்த அளவுக்குப் பொருந்தினால் விலையிலும் பேரம் பேசலாம். இடையில் கோடுகள் தெரியுமே என்பார்கள். மூன்றையும் ஒரே மட்டத்தில் வைத்தால் அது யன்னல் அமைப்பைப் போன்றிருக்கும், எனக்கு அதுவே அழகு.

இனிக் கறுப்பைப் பற்றி. கண்ணாடியின் பின்புறத்தில் மெல்லிய வெள்ளிப் படலமும் அதன்மேல் காப்பாக நிறப்பூச்சும் இருக்கும். வெட்டிய ஓரத்தில் அந்தப் படலம் வெளியே தெரிவதால், உப்பும் ஈரமும் கலந்த நம்மூர்க் கடற்காற்று அந்த வழியாகத்தான் உள்ளே இறங்குகிறது. துண்டுகள் கூடினால் வெட்டோரமும் கூடும் என்பதை மறைக்க வேண்டியதில்லை. ஆகவே வெட்டித் தேய்த்து, நன்றாகக் காய்ந்த கையோடு ஓரம் முழுவதும் நிறமற்ற லாக்கர் பூச்சு ஒன்றைப் பூசிவிடுங்கள்.

பொருத்தும்போது, வினாகிரி மணம் வீசும் சாதாரண சிலிக்கோனைப் பின்புறத்தில் வைக்க யாரையும் விடாதீர்கள். அதிலிருந்து வெளியேறும் அமிலமே பூச்சைத் தின்றுவிடும். குழாயின்மேல் ‘நியூட்ரல்’ என்று எழுதியிருப்பதைக் கேட்டு வாங்குங்கள். வாடகை வீடு என்பதால் ஒட்டாமலேயே, கீழே ‘யு’ வடிவ அலுமினியப் பட்டையும் மேலே பிடிகளும் வைத்துத் திருகாணியால் இறுக்குவது மேல், வீடு மாறும்போது கழற்றிக்கொண்டு போகலாம். சுவருக்கும் கண்ணாடிக்கும் நடுவே காற்று போக மூன்று, நான்கு மில்லிமீற்றர் இடைவெளி இருக்கட்டும். பட்டையில் தேங்கும் நீர் கண்ணாடியைத் தொடாதபடி அடியில் சிறு றப்பர்த் துண்டுகளையும் வையுங்கள். பிள்ளைகள் இருப்பதால், உடைந்தாலும் சில்லுகள் சிதறாமல் பிடித்துக்கொள்ளும் பாதுகாப்புத் தாளைப் பின்புறத்தில் ஒட்டச் சொல்லுங்கள். அந்தச் செலவில் மட்டும் கைவைக்க வேண்டாம்.

கேட்டவர்

மிக்க நன்றி அண்ணா. கூடத்தின் யன்னல் கிழக்குப் பார்த்தது. அதற்கு நேரெதிரே வைப்பதா, பக்கச் சுவரில் வைப்பதா?

பதில்: உவர்மலையிலிருந்து

பக்கச் சுவரில் வையுங்கள். கிழக்கு யன்னலுக்கு நேரெதிரே வைத்தால் காலை வெயில் அப்படியே திரும்பி வந்து கண்ணைக் கூசச் செய்யும், கச்சான் என்னும் வெப்பக் காற்று வீசும் மாதங்களில் அந்தக் கூச்சமே பெரிய தொல்லையாகிவிடும். யன்னலை அடுத்த நீளச் சுவரில் இருந்தால் வெளிச்சம் கிடைக்கும், கூச்சம் இராது. மேலும், எதிரே இருக்கும் பொருள் எவ்வளவு தூரத்தில் இருக்கிறதோ அவ்வளவு தூரம் கண்ணாடிக்குப் பின்னாலும் தெரியும் என்பதால், உங்கள் 9 அடி அகலம் கண்ணுக்கு 18 அடியாகும்.

ஆனால் அந்தப் பதினெட்டு அடிக்குள் என்ன தெரிகிறது என்பதைக் கவனியுங்கள். தையல் இயந்திரமும் துணிக் குவியலும் எதிரே இருந்தால் அவையும் இரட்டிப்பாகும். கண்ணாடியின் கீழ் விளிம்பைத் தரைக்கு அண்மையில் வைத்து, அதன் முன்னால் எதையும் போடாமல் விட்டால், தரை உள்ளே தொடர்ந்து போவதாகத் தெரியும். இடம் விரிந்த உணர்வில் பெரும்பங்கு அதிலிருந்துதான் வருகிறது. நெஞ்சளவில் மாட்டும் கண்ணாடி முகம் பார்க்கத்தான் உதவும். வீதியிலிருந்து பார்ப்பவர்களுக்கு வாசல் வழியாக உங்கள் உள்ளறை அதில் தெரிகிறதா என்றும் ஒருமுறை வெளியே நின்று பாருங்கள்.

இன்னொன்று: வாடை மழையில் நனையும் வெளிச்சுவரைத் தவிர்த்து, இரண்டு அறைகளுக்கு நடுவிலுள்ள சுவரைத் தெரிவுசெய்யுங்கள். மார்கழியில் கையை வைத்துப் பார்த்தால் எந்தச் சுவர் ஓதம் பிடிக்கிறது என்பது தெரிந்துவிடும்.

கேட்டவர்

அப்படியானால் சமையலறைப் பக்கத்து இடைச்சுவர்தான் பொருந்தும். சோபாவையும் எதிர்ச்சுவருக்கு மாற்றிவிடுகிறேன். மூன்று துண்டுகளையும் முச்சக்கரவண்டியில் கொண்டுவர முடியுமா?

பதில்: கண்ணாடி, அலுமினிய வேலை செய்பவர்

5 அடித் துண்டை அதற்குள் சரித்து வைக்க வேண்டிவரும், வேண்டாம். கடையின் சிறிய லொறியிலேயே, படுக்க வைக்காமல், இடையிடையே கடதாசி அட்டை கொடுத்து நிறுத்தி வைத்துக் கட்டிக்கொண்டு வரச் சொல்லுங்கள். வீட்டு வாசலில் இறக்கி, மூன்றையும் நீங்கள் பார்த்த பின்னரே மீதிப் பணத்தைக் கொடுப்பதாக முன்கூட்டியே பேசிக்கொள்ளுங்கள்.