மாடிப்படி நாற்காலி லிஃப்ட்: பார்த்தவர்கள், வாங்கியவர்கள் அனுபவம்

பென்னாகரத்து மகன்:
படியோரம் பொருத்திய ரெயிலில் ஆளை உட்கார வைத்து ஏற்றி இறக்கும் இந்த நாற்காலியை விற்கும் பிரதிநிதி வீட்டுக்கு வந்து படியின் அகலம், நீளம், சாய்வு எல்லாவற்றையும் டேப் பிடித்து அளந்தார்; அப்பாவின் காலை மட்டும் அவர் பார்க்கவே இல்லை. நம் தருமபுரி, கிருஷ்ணகிரிப் பக்கத்தில் அந்தக் காலுக்கு என்ன என்று விளக்க வேண்டியதில்லை. 2013-இல் ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர் வருவதற்கு முன்பு பல ஆண்டுகள் ஆழ்துளைக் கிணற்றுத் தண்ணீரைக் குடித்தவர் அவர். ஃபுளோரைடு எலும்பில் ஏறி இறுகிய முழங்கால்கள், நல்ல தண்ணீர் வந்த பிறகும் இளகவில்லை. பெங்களூருக்கு அழைத்துச் சென்று மாதிரி நாற்காலியில் உட்கார வைத்தபோது, அவருடைய வலது கால் மடங்காமல் நேராக நீட்டிக்கொண்டு நின்றது. முதுகைச் சுவர்ப்பக்கம் வைத்துப் படிக்குப் பக்கவாட்டில் அமர்ந்தே பயணம் செய்ய வேண்டும் என்பதால், எங்கள் மூன்றடி அகலப் படியில் அந்தக் கால் எதிர்க் கைப்பிடியில் இடிக்கும் என்பது அங்கிருந்த அனைவருக்கும் ஒரே நேரத்தில் புரிந்தது. அப்பாதான் முதலில் பேசினார்: "காலைக் கீழே கழற்றி வைத்துவிட்டு ஏறச் சொல்கிறாரா, கேள்." முன்பணம் கொடுக்காமல் திரும்பினோம். கால் மடங்காதவர்களுக்கு இதைப் பொருத்தியவர்கள் இருந்தால் எழுதுங்கள்.

காவேரிப்பட்டினம் மருமகள்:
அண்ணா, பாதி நின்றபடி சாய்ந்துகொள்ளும் இருக்கை ஒன்று இருக்கிறது. முழங்கால் அதிகம் மடங்க வேண்டியதில்லை. ஆனால் ஆள் ஏறக்குறைய நின்ற உயரத்திலேயே மேலே போவதால், படிக்கு மேலே குறுக்கே ஓடும் பீமில் தலை இடிக்குமா என்று பார்த்துக்கொள்ளுங்கள். எங்கள் வீட்டில் படி நடுவில் திரும்புவதால் வளைவு ரெயில் போட்டோம்; அது நம் படியின் அளவுக்கென்றே வளைத்துச் செய்யப்படுவதால், நேர் ரெயிலைவிட விலையும் காத்திருப்பும் பல மடங்கு கூடின. எனக்கு மறக்காதது வேறொன்று. முதல் நாள் மேலே போய் நின்றதும், அத்தை இருக்கையை மாடித் தரைப்பக்கம் திருப்பாமல், பெல்ட்டைக் கழற்றி, வெறும் படியை நோக்கிக் காலை நீட்டிவிட்டார். பொருத்த வந்த பையன் தோளைப் பிடித்துக்கொண்டான். நெம்புகோலை அழுத்திக் கையால் திருப்பும் இருக்கை அது. கை நடுக்கம் உள்ளவருக்கு அது ஆகாது என்று, கூடுதல் பணம் கொடுத்துத் தானாகத் திரும்பும் மோட்டார் இருக்கைக்கு மாற்றிக்கொண்டோம்.

ஓசூர் வாசி:
மேலே எழுதிய அம்மாவுடன் நான் உடன்படவில்லை. வளைவு ரெயிலை நாளை கழற்றினால் வேறு எந்த வீட்டுப் படிக்கும் அது பொருந்தாது. அவ்வளவு பணத்தைப் படியில் ஆணியடித்து வைப்பதைவிடப் படுக்கையறையைக் கீழே மாற்றுவதே மேல். நான் பழைய நேர் ரெயில் வாங்கினேன். நீளமாக இருந்ததை அறுத்துப் பொருத்தினார்கள், நன்றாகவே ஓடுகிறது. சக்கர நாற்காலியிலிருந்து தானே எழுந்து மாற முடியாதவர்களுக்கு இந்த இருக்கையே பயன்படாது என்பதையும் யாரும் எழுதவில்லையே?

கிருஷ்ணகிரி, ஓய்வுபெற்ற மின்பணியாளர்:
என் மனைவிக்காக வாங்கியது சிக்கலில்லாமல் ஓடுகிறது. ஆகவே சொல்வதற்கு அதிகமில்லை. ஆனால் சிலவற்றை எல்லோரும் தெரிந்துகொள்வது நல்லது. இது வீட்டு மின் இணைப்பிலிருந்து நேரடியாக ஓடுவதில்லை. பெரும்பாலும் இரண்டு 12 வோல்ட் பேட்டரிகள் சேர்ந்து 24 வோல்ட்டில் ஓட்டுகின்றன. அதனால் மின்தடையிலும் சில முறை ஏறி இறங்கலாம். பல மாடல்களில் ரெயிலின் இரு முனைகளில் மட்டுமே சார்ஜ் ஏறும். நடுப்படியில் நிறுத்திவிட்டுப் போனால் பேட்டரி இறங்கிக்கொண்டே இருக்கும். ஊருக்குப் போகும்போது மெயினை அணைத்துப் பழகியவர்கள் நாம். திரும்பி வரும்போது பேட்டரி செத்திருக்கும், ஆகவே இதற்குத் தனி சுவிட்ச் வைத்துக்கொள்ளுங்கள். ரெயில் சுவரில் தொங்குவதில்லை, படியிலேயே துளையிட்டு நிற்கிறது. நம் ஊரில் படியெல்லாம் கிரானைட் என்பதால், விளிம்பை ஒட்டி, இடித்து இடித்துத் துளைக்கும் ஹேமர் டிரில் போட விடாதீர்கள், பலகை விரிசல் விட்டுவிடும். கீழே கடைக்கு வாடகை விட்டு, வெளிப்படியால் மாடிக்குப் போகும் வீடுகளுக்கு வெளிப்புற மாடலே வேண்டும்; உள்மாடலுக்குத் தார்பாய் போர்த்தினால் போதும் என்று சொல்பவரை நம்பாதீர்கள். வேகம் போதவில்லை என்று குறைப்பட வேண்டாம், ஐரோப்பியத் தர விதிப்படி நொடிக்கு 0.15 மீட்டருக்கு மேல் போகக் கூடாது. பாதப்பலகையில் பொருள் தட்டினால் நின்றுவிடும் சென்சாரை, பணம் கொடுக்குமுன் ஒரு தலையணையை வைத்து நீங்களே சோதியுங்கள். பழுது பார்ப்பவர் எந்த ஊரிலிருந்து வருவார், எத்தனை நாளில் வருவார் என்பதை ஒப்பந்தத்தில் எழுதி வாங்குங்கள்.

காவேரிப்பட்டினம் மருமகள்:
ஓசூர் ஐயாவுக்கு: படுக்கையறையைக் கீழே மாற்றலாம்தான். ஆனால் எங்கள் வீட்டுக் கீழ்த்தளம் மாம்பழ மண்டி, சீசனில் இரவிலும் லாரி ஏற்றுவார்கள். சக்கர நாற்காலியைப் பற்றி நீங்கள் சொன்னது சரி. அத்தை இன்னும் கைத்தடி ஊன்றித் தானே எழுந்து உட்காருகிறார், அதைப் பார்த்த பிறகே வாங்கினோம்.