ஒப்பந்தம் முடியப்போகிற நட்சத்திரத்தை விற்பதா, வைத்துக்கொள்வதா? உங்கள் ஊர் ஐஸ் ஹாக்கி அணியில் நடந்ததைச் சொல்லுங்கள்

கனாட்டாவாசி:
2018-19 சீசனில் எங்கள் ஒட்டாவா செனட்டர்ஸ் என்ஹெச்எல் (வட அமெரிக்க ஐஸ் ஹாக்கி லீக்) அட்டவணையின் அடியில் கிடந்தது. மார்க் ஸ்டோன், மாட் டுஷேன், ரையன் டிசிங்கல் மூன்று பேருக்கும் அந்தக் கோடையோடு ஒப்பந்தம் முடிகிறது, டிரேடுக்கான, அதாவது வீரர்களை வேறு அணிக்கு மாற்றிக்கொள்வதற்கான, கடைசி நாளும் நெருங்குகிறது, வைத்திருந்தால் கோடையில் சும்மா போய்விடலாம், சரி, விற்றுத்தான் ஆகவேண்டும் என்று ஊரில் எல்லோருக்கும் தெரிந்திருந்தது. பிப்ரவரி கடைசியில் ஒருவர் பின் ஒருவராக மூவரும் போனார்கள். ஸ்டோனை வேகாஸுக்கு அனுப்பிய செய்தி வந்தபோது என் மகள் அவருடைய 61-ஆம் எண் ஜெர்சியைத்தான் போட்டிருந்தாள். "அவர் நல்லாத்தானே ஆடினார், ஏன்பா அனுப்பிட்டாங்க?" என்று கேட்டாள். எனக்குச் சொல்லத் தெரியவில்லை.

ஸ்டோனுக்கு மாற்றாக வந்தது எரிக் பிரான்ஸ்ட்ரோம் என்ற இளம் தடுப்பாட்டக்காரர், ஆஸ்கர் லிண்ட்பெர்க், டிராஃப்டில் (அணிகள் முறைவைத்து இளம் வீரர்களை எடுப்பது, பலவீனமான அணிகளுக்கு முன்னுரிமை) ஒரு இரண்டாம் சுற்றுத் தேர்வு. பிரான்ஸ்ட்ரோம் நிலைக்கவில்லை, 2024-ல் போய்விட்டார். ஸ்டோன் வேகாஸின் கேப்டனாகி, 2023 இறுதிச்சுற்றின் கடைசி ஆட்டத்தில் ஹாட்ரிக் அடித்து, லீக் சாம்பியனுக்குத் தரும் ஸ்டான்லி கப்பைத் தூக்கினார். சந்தோஷமாகவும் இருந்தது, வயிறும் எரிந்தது. இன்னொரு கொடுமை, லீக்கிலேயே கடைசியாக முடித்தும் எங்கள் முதல் சுற்றுத் தேர்வு எங்களிடம் இல்லை. டுஷேனை வாங்கியபோதே அது கொலராடோவுக்குப் போயிருந்தது.

ஆனால் இதே அணி அதற்குச் சில மாதம் முன்பு, 2018 செப்டம்பரில், எரிக் கார்ல்சனை சான் ஹோசேவுக்குக் கொடுத்தது. அவருக்கும் அதே கோடையில்தான் ஒப்பந்தம் முடிவு. ஆனால் வாங்குகிறவர்களுக்கு ஒரு முழு சீசன் அவர் கையில் இருப்பார், பேசிப் பழகி ஒப்பந்தத்தை நீட்டிக்கவும் அவகாசம் இருக்கும், அதனால் அள்ளிக் கொடுத்தார்கள். ஜாஷ் நோரிஸ் அதில் வந்தவர். அவர்களுடைய 2020-ன் முதல் சுற்றுத் தேர்வும் வந்தது. 2019-20-ல் சான் ஹோசே சரிந்து விழவே அது 3-ஆவது தேர்வாகிவிட்டது, அதில் எடுத்த பையன்தான் டிம் ஸ்டுட்ஸ்லே. அதிர்ஷ்டமும் உண்டு, மறுக்கவில்லை. ஆனாலும் விற்பதாக இருந்தால் சீசன் தொடங்கும் முன்பே விற்றுவிட வேண்டும். பிப்ரவரியில் நம் அவசரம் எல்லோருக்கும் தெரியும், விலை ஏறாது.

கொலம்பஸ் ரசிகை:
அண்ணா, உங்கள் டுஷேனும் டிசிங்கலும் வந்தது எங்கள் ஊருக்குத்தான். எங்கள் பனாரினும் கோல் காப்பாளர் பாப்ரோவ்ஸ்கியும் கோடையில் கிளம்பிவிடுவார்கள் என்று அப்போதே பேச்சு. விற்காமல், மேலே இரண்டு பேரை வாங்கினார்கள். பிளேஆஃப் (சீசன் முடிந்து கப்புக்காக நடக்கும் வெளியேற்றுச் சுற்றுகள்) இடமே கடைசி நாட்களில்தான் உறுதியானது. முதல் சுற்றில் எதிரே டாம்பா பே, அந்த சீசனில் 62 வெற்றி. முதல் ஆட்டத்தில் 0-3 என்று பின்தங்கி 4-3 என்று ஜெயித்தோம், அப்புறம் நான்கே ஆட்டத்தில் அவர்களை வீட்டுக்கு அனுப்பினோம். நான்காவது ஆட்டத்தில் 7 கோல். ஒவ்வொரு கோலுக்கும் அரங்கத்தில் பீரங்கி வெடிக்கும். பக்கத்தில் இருந்த முன்பின் தெரியாத பாட்டி என்னைக் கட்டிப்பிடித்து அழுதார். அணி தொடங்கிய 2000-லிருந்து ஒரு பிளேஆஃப் தொடரைக்கூட ஜெயித்ததில்லை, அதை நினைத்துப் பாருங்கள்.

ஜூலை 1 அன்று பனாரின் நியூயார்க் ரேஞ்சர்ஸுக்கு, பாப்ரோவ்ஸ்கி ஃபுளோரிடாவுக்கு, டுஷேன் நாஷ்வில்லுக்கு. கைக்கு ஒன்றும் வரவில்லை. இருந்தாலும் அந்த முடிவு சரி என்றுதான் இன்றும் சொல்வேன்.

லாங் ஐலண்ட்:
2018-ல் எங்கள் நியூயார்க் ஐலண்டர்ஸுக்கு பிளேஆஃபும் இல்லை, கேப்டன் டவாரெஸும் இல்லை. தங்கவே விரும்புவதாகப் பேசினார், நம்பி வைத்துக்கொண்டார்கள், ஜூலை 1 அன்று 7 ஆண்டு, 7.7 கோடி டாலருக்கு டொரண்டோவில் கையெழுத்துப் போட்டார். அடுத்த சீசன் என்ன ஆனது தெரியுமா? லீக்கிலேயே அதிக கோல் வாங்கிய அணி, பாரி டிராட்ஸ் பயிற்சியாளராக வந்ததும் மிகக் குறைவாக வாங்கிய அணியானது. 103 புள்ளி, முதல் சுற்றில் பிட்ஸ்பர்க்கை 4-0 என்று துடைத்தோம். டவாரெஸ் முதல் தடவை எதிரணியில் வந்த இரவு 6-1 என்று ஜெயித்தோம், அந்தச் சத்தம் வேறு எங்கும் நான் கேட்டதில்லை. நட்சத்திரம் சும்மா போனாலும் அணி செத்துவிடாது. ஆனால் விற்றிருந்தால் இன்னும் வலுவாக இருந்திருப்போம்.

கால்கரி:
2022-ல் கோலும் கோலுக்கான உதவியுமாக 115 புள்ளி எடுத்த ஜானி கோட்ரோ எங்களிடமிருந்து ஒன்றும் தராமல் கொலம்பஸுக்குப் போனார். அன்று கோபம் வந்தது. 2024-ல் கார் மோதிய விபத்தில் அவரும் தம்பியும் இறந்த பிறகு, அவரைப் பற்றி அன்று பேசியதையெல்லாம் இங்கே யாரும் பேசுவதில்லை.

ஆனால் நிர்வாகம் பாடம் கற்றது. 2023-24-ல் அணி தள்ளாடியபோது ஜடோரோவ், லிண்ட்ஹோம், டானெவ், ஹனிஃபின் என்று ஒப்பந்தம் முடிகிற நால்வரையும் விற்றார்கள். லிண்ட்ஹோமுக்காக வந்த முதல் சுற்றுத் தேர்வில் எடுத்தவர்தான் மத்வேய் கிரிடின். அடுத்த சீசன் அணி 96 புள்ளி எடுத்தது, செயின்ட் லூயிஸுக்கும் 96, சமநிலை விதியில் அவர்கள் பிளேஆஃப் உள்ளே போனார்கள். ஹனிஃபின் இருந்திருந்தால் அந்த ஒரு புள்ளி வந்திருக்குமே என்று நண்பர்கள் அடித்துக்கொள்வார்கள். வந்திருக்கலாம். நான் இன்னும் விற்றது சரி என்ற பக்கம்தான்.

கனாட்டாவாசி:
கொலம்பஸ் தங்கச்சி, உங்கள் அணி அப்போது பிளேஆஃப் வாசலில் இருந்தது, நாங்கள் கடைசியில். அடியில் கிடக்கிற அணி உங்களைப் பார்த்து வைத்துக்கொண்டால் பாட்டியும் அழ மாட்டார், தேர்வும் வராது.