குழு மென்பொருள் உங்கள் ஆபீஸில் உண்மையிலேயே ஓடுகிறதா? அனுபவம் சொல்லுங்கள்

நானே ஆரம்பிக்கிறேன். எல்லாரும் சேர்ந்து வேலை பார்க்க ஒரு மென்பொருள் வாங்கி ஆறு மாதம் ஆனதும், "எவ்வளவு பயன்படுகிறது என்று பார்த்து ரிப்போர்ட் கொடு" என்று என் தலையில் கட்டினார்கள். அட்மின் பக்கத்தைத் திறந்தால் அதுவே வரைபடம் போட்டுக் காட்டியது: அநேகமாக எல்லாரும் தினமும் உள்ளே வருகிறார்கள். அதை அப்படியே ஒட்டி அனுப்பியிருப்பேன். என் கம்ப்யூட்டர்தான் தடுத்தது. காலையில் ஆன் செய்ததும் அந்த மென்பொருள் தானாகத் திறந்துகொள்ளும். நான் அதை மூடிவிட்டு எக்செலுக்குப் போவேன். அந்தக் கணக்குப்படி நானும் தினசரிப் பயனர்!

சரி என்று மேசை மேசையாகப் போய் உட்கார்ந்தேன். ஒரே கேள்விதான்: "நேற்று முடித்த வேலை ஒன்றைக் காட்டுங்கள், எங்கே இருக்கிறது?" ஒருவர் மெயிலைத் தேடினார். இன்னொருவர் வாட்ஸ்அப்பை. ஷேர்டு ஃபோல்டரைத் திறந்தவரிடம் ஒரே ஃபைல் நான்கு பெயரில் இருந்தது. அதில் ஒன்று 'ஃபைனல் புதுசு 2'.

கணக்குப் பிரிவு மேடம் டிராயரிலிருந்து நீளமான நோட்டு ஒன்றை எடுத்தார். சில வரிகளுக்குப் பக்கத்தில் பச்சை மையில் 'ஏ' என்று குறி. கேட்டேன். "ஏத்தியாச்சுன்னு அர்த்தம். வெள்ளிக்கிழமை சாயங்காலம் மொத்தமா ஏத்திடுவேன்." நேராக அதிலேயே எழுதினால் என்ன? "நோட்டுல எழுதினா எனக்கு உபயோகம். அதுல எழுதினா சாருக்கு உபயோகம்."

ஜோனதன் கிரூடின் என்ற ஆய்வாளர் 1988இல் ஒரு முழுக் கட்டுரையில் விளக்கியதை மேடம் இரண்டு வரியில் முடித்துவிட்டார். இந்த வகை மென்பொருள் ஏன் தோற்கிறது என்பதற்கு கிரூடின் சொன்ன காரணங்களில் முதலாவது இதுதான்: கூடுதல் உழைப்பு ஒருவருக்கு, பலன் வேறொருவருக்கு. பொது காலண்டரை உதாரணம் காட்டுகிறார். மீட்டிங் கூட்டுபவருக்கு வசதி. ஆனால் அந்த வசதி கிடைக்க மற்ற எல்லாரும் தங்கள் காலண்டரை நிரப்பி வைக்க வேண்டும்.

வரைபடத்தை விட்டுவிட்டு இதைத்தான் ரிப்போர்ட்டில் எழுதினேன். கூடவே ஒன்று: மேலாளர் வாரா வாரம் மெயிலில் கேட்கும் எக்செலை நிறுத்த வேண்டும். அவர் முகம் சுளித்தார். ஒரு மாதம் இழுத்தடித்தார். அப்புறம் ஒரு திங்கட்கிழமை மென்பொருளிலிருந்த பணிப் பட்டியலையே திரையில் போட்டு, அதில் இருப்பதை மட்டும் பேசினார். பதிவுகள் வார நடுவிலேயே வர ஆரம்பித்தன.

---

எங்கள் இடத்தில் கதை வேறு. ஆலோசனை நிறுவனம், மணிக்கணக்குக்குப் பில் போடும் வேலை. தெரிந்ததையெல்லாம் பொதுவில் எழுதி வையுங்கள் என்று அறிவுத் தளம் ஒன்று திறந்தார்கள். எழுதும் நேரத்தை எந்த வாடிக்கையாளர் கணக்கில் போடுவது? யாரும் சொல்லவில்லை. பதவி உயர்வோ யாருக்கு எது தெரியும் என்பதை வைத்து. தன் சரக்கை யார் கொட்டிக் கொடுப்பார்கள்? நானும் கொடுக்கவில்லை, ஒப்புக்கொள்கிறேன்.

வாண்டா ஆர்லிகோவ்ஸ்கி 1992இல் எழுதிய ஆய்வைப் பின்னால்தான் படித்தேன். அதுவும் ஓர் ஆலோசனை நிறுவனம், மென்பொருள் லோட்டஸ் நோட்ஸ். அங்கேயும் கற்றுக்கொள்ளும் நேரத்துக்குப் பில் போட வழியில்லை, அங்கேயும் ஒருவரை ஒருவர் முந்தும் போட்டி. மேலே போக வேண்டிய படி எதுவும் பாக்கியில்லாத பங்குதாரர்கள் மட்டும் தாராளமாகப் பயன்படுத்தினார்களாம். எங்கள் ஆபீஸைத்தான் எழுதியிருக்கிறாரோ என்று தோன்றியது.

---

எங்களுக்குப் பிரச்சினையே தலைகீழ். சாட் வந்த மறுநாளே எல்லாரும் தாவிவிட்டார்கள். மூன்று மாதம் கழித்து, ஒரு விலை மாற்றத்தை யார் ஒப்புக்கொண்டது என்று தேட அரை நாள் ஆனது. கிடைத்த பதில், ஒரு கட்டைவிரல் குறி. அது சம்மதமா, 'பார்த்தேன்' என்பதா? போட்டவருக்கே நினைவில்லை. இதை எந்த டாஷ்போர்டில் அளப்பது?

---

முதலில் எழுதியவன்தான். கட்டைவிரல் எங்களிடமும் உண்டு. இப்போது "சம்மதம்" என்று எழுத்தில் போடச் சொல்லியிருக்கிறோம், பாதிப் பேர் போடுகிறார்கள். மேடம் நோட்டை விடவில்லை. 'ஏ' மட்டும் அன்றன்றைக்கே விழுகிறது.